கடலைச் சிவப்பிக்கும் வினைச்சொல்: ‘இன்கார்னடைன்’ குறித்த விவாத இழை

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தைக் காட்சி காட்சியாகப் படித்து வருகிறோம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சியில் வரும் ஒரு வினைச்சொல்லைக் கடந்துபோக மனம் வரவில்லை. உறங்கிக்கொண்டிருந்த மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு, குருதி தோய்ந்த கைகளோடு மேக்பெத் நிற்கிறான். வெளியே யாரோ கதவைத் தட்டும் ஓசை கேட்கிறது. கடற்கடவுள் நெப்டியூனின் மாகடல் முழுவதும் திரண்டு வந்தாலும் இந்தக் குருதியை என் கையிலிருந்து கழுவிவிடுமா என்று கேட்டு, இல்லை என்று தானே விடை சொல்லிக்கொள்கிறான். என் கைதான் எண்ணற்ற கடல்களைச் சிவப்பாக்கும் என்பது அந்த விடை. அதன் முடிவில் வரும் வரிகள் இவை:

‘தி மல்டிட்யூடினஸ் ஸீஸ் இன்கார்னடைன்,
மேக்கிங் த கிரீன் ஒன் ரெட்.’

கையைக் கடல் கழுவும் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே கையே கடலைக் கறைப்படுத்துகிறது. ‘இன்கார்னடைன்’ என்பதற்கு என்னிடமுள்ள அகராதி ‘சிவப்பாக்கு’ என்று மட்டும் பொருள் தருகிறது. சிவப்பாக்குவதற்கு ‘ரெடன்’ என்ற எளிய சொல் இருக்க, இத்தனை அரிய சொல்லை அந்த இடத்தில் வைத்ததன் காரணம் என்ன? ஷேக்ஸ்பியருக்குப் பின் வேறு யாரேனும் இதை ஆண்டிருக்கிறார்களா? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மூன்று கேள்விகளையும் அவையின் முன் வைக்கிறேன்.

சொல்வேர்

முதல் கேள்விக்கு விடை சொல்லின் பிறப்பிலிருந்தே கிடைக்கும் என்று கருதுகிறேன். லத்தீனில் ‘காரோ’ என்றால் தசை, ஊன். ‘கார்னேஜ்’, ‘கார்னல்’, ‘இன்கார்னேஷன்’ ஆகியவை எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. கொலைக்களமும் உடலின்பமும் கடவுள் மனித உடல் எடுப்பதும் ஒரே வேரில் நிற்கின்றன. இத்தாலிய மொழியில் தசையின் நிறத்தைக் குறித்த ஒரு சொல் பிரெஞ்சு வழியாகப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அது பெயரடை மட்டுமே. துணியின் நிறத்தையும் பூவின் நிறத்தையும் சொல்லப் பயன்பட்ட, மென்மையான இளஞ்சிவப்பைக் குறித்த சொல் அது.

அதை வினையாக ஆண்டதற்கு நமக்குக் கிடைக்கும் முதற்சான்று மேக்பெத். நாடகம் 1606 வாக்கில் எழுதப்பட்டதாகக் கொள்கிறார்கள். ஆகவே அன்றைய அரங்கில் அமர்ந்திருந்தவர் இந்தச் சொல்லைக் கேட்டபோது, பழகிய வினை ஒன்றைக் கேட்கவில்லை. உடலின் நிறத்தைக் குறிக்கும் ஒரு சொல் திடீரென்று செயலாக மாறுவதைக் கேட்டார். ‘ரெடன்’ என்றால் நிறம் மட்டுமே மாறும். ‘இன்கார்னடைன்’ என்னும்போது கடலுக்குள் ஊன் புகுகிறது. கொலையுண்டவனின் உடல் தண்ணீரெங்கும் பரவிவிட்டது என்று கேட்கத் தெரிந்த காதுக்குக் கேட்கும்.

மேடைவாசி

நண்பர் சொல்வேர் தந்த விளக்கத்தோடு, அரங்கில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அரிய சொல் மட்டும் வந்திருந்தால் அது வெறும் பகட்டாகவே நின்றிருக்கும். அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

முதல் வரியில் மொத்தம் நான்கே சொற்கள். அவற்றுள் இரண்டு, வாயை நிறைக்கும் லத்தீன் சொற்கள். நடிகர் அதை வேகமாகச் சொல்லவே முடியாது. அலை மேல் அலை எழுவதைப்போல நாக்கு உருண்டாக வேண்டும். அடுத்த வரியோ அதற்கு நேர்மாறு. ‘மேக்கிங்’ என்பதைத் தவிர்த்தால் எல்லாமே ஓரசைச் சொற்கள், எல்லாமே பழைய ஆங்கிலச் சொற்கள். சிறு குழந்தைக்கும் விளங்கும். அரங்கின் மேல்மாடத்தில் இருந்தவருக்குப் புரியாத சொல்லை வீசிவிட்டு, தரையில் நின்று பார்த்தவருக்கும் புரியும்படி உடனே அதை அவிழ்த்துக் காட்டிவிடுகிறார் என்று இதைப் பாராட்டுவார்கள். அது உண்மைதான், எனினும் அது போதிய விளக்கம் அன்று. பெரிய சொல் மேக்பெத்தின் கற்பனை ஓடும் தொலைவைக் காட்டுகிறது. சிறிய சொற்கள், அவன் கண்ணெதிரே அந்தக் காட்சியை உண்மையாகவே காண்பதைக் காட்டுகின்றன. பச்சை, பிறகு சிவப்பு. அவ்வளவுதான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சில்லை. அந்த வரி ஆறசையில் முறிந்து நிற்க, அவன் மனைவி லேடி மேக்பெத் உள்ளே வருகிறாள்.

இன்னொன்று நம்மவர்க்கு எளிதில் புலப்படுவது. ஆங்கில வழக்கில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வரும். இங்கே எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசை நிற்கிறது: கை, கடல்களை, சிவப்பிக்கும். இது நம் தொடரமைப்பு. கடல்கள் எல்லாம் வந்து சேர்ந்தபின் அவற்றுக்கு என்ன நேரப்போகிறது என்பதை வரியின் கடைசிச் சொல் வரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். நீண்ட வினைச்சொல் அந்த இடத்தில் வந்து விழுவதால்தான் அதற்கு அந்தக் கனம்.

நெய்தல்

வினை இறுதியில் நிற்பதைப் பற்றிச் சொன்னது பெரிய திறப்பாக இருந்தது, ஐயா. ஒரு சிறு கேள்வி: ‘த கிரீன் ஒன்’ என்று சேர்த்து ‘அந்தப் பச்சைக் கடலை’ என்று பொருள் கொள்வதா, ‘ஒன் ரெட்’ என்று சேர்ப்பதா? எங்கள் வட்டத்தில் இருவர் இருவிதமாகப் படித்தார்கள்.

பழம்பதிப்பு

இந்தக் கேள்விக்கு நூற்றாண்டுகளின் வரலாறு உண்டு. மேக்பெத் முதன்முதலாக அச்சேறியது 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோ என்னும் ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில். அங்கே ‘ஒன்’ என்பதற்குப் பிறகு காற்புள்ளி இருக்கிறது: ‘மேக்கிங் த கிரீன் ஒன், ரெட்.’ அந்தக் குறியை நம்பினால் ‘பச்சையாய் இருப்பதைச் சிவப்பாக்கி’ என்றுதான் பொருள் வரும். நம் வினைச்சொல்லையே அங்கே ஒரு ரகரம் மிகுந்து ‘இன்கார்னர்டைன்’ என்று கோத்திருக்கிறார்கள். பழக்கமில்லாத சொல் அச்சுக்கோப்பாளர் கையில் பட்ட பாடு அது என்று கொள்ளலாம். சொல்லிலேயே தடுமாறியவரின் காற்புள்ளியை வேதவாக்காக ஏற்க வேண்டியதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆர்தர் மர்ஃபி, காற்புள்ளியை நகர்த்தி ‘பச்சையை, ஒரே சிவப்பாக’ என்று படிக்கலாம் என்று முன்மொழிந்தார். இன்றைய பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் அந்தப் பொருளையே ஏற்கிறார்கள். கவிஞர் மில்டனின் ‘கோமஸ்’ நாடகத்தில் இருள் வான்வெளி அனைத்தையும் ‘ஒன் பிளாட்’ ஆக்கும், அதாவது ஒரே கறையாக்கும், என்று வருவது இதற்கு நல்ல துணைச்சான்று.

என் கருத்தும் அதுவே. ‘மல்டிட்யூடினஸ்’ என்பது எண்ணிலடங்காப் பன்மை. அந்தப் பன்மை முழுவதும் அடுத்த வரியில் ‘ஒன்’ என்ற ஒருமைக்குள் அடங்குகிறது. பலவாய் இருந்த கடல்கள் ஒரே சிவப்பாகின்றன. ‘ஒன்’ என்பதை வெறும் சுட்டாகக் கொண்டால் இந்த எதிர்நிலை முழுவதும் வீணாகிவிடும்.

ஆசிரியை

பழம்பதிப்பு அவர்கள் சொன்னதை வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கினால் மாணவர்கள் விழிப்பார்கள். தமிழில் சொன்னால் நொடியில் விளங்கிக்கொள்வார்கள். நமக்குத்தான் ‘ஒரே’ இருக்கிறதே. ‘வீடெல்லாம் ஒரே புகை’, ‘திருவிழாவில் ஒரே கூட்டம்’ என்கிறோம். அங்கே ‘ஒரே’ எண்ணிக்கையைச் சொல்லவில்லை. இடைவெளியின்றி நிறைந்திருப்பதைச் சொல்கிறது. ‘ஒன் ரெட்’ என்பது அப்படியே ‘ஒரே சிவப்பு’.

சொல்வேர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 1755இல் வெளிவந்த தம் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இந்த வினைக்குப் பொருள் எழுதிவிட்டு, இச்சொல்லை ஒரே ஓர் இடத்தில்தான் கண்டேன் என்று குறித்துள்ளார். ஆனால் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1640இல் அச்சான தாமஸ் கேர்யூவின் கவிதைகளில் இது இருக்கிறது. லேடி ஆன் ஹே என்பவரின் மறைவுக்குப் பாடிய இரங்கற்பாவில், பிற கவிஞர்கள் அவரை எப்படியெல்லாம் புனைந்து பாடுவார்கள் என்று கேர்யூ அடுக்குகிறார்: ஒருவர் பற்களை முத்தாக்குவார், ஒருவர் கையைப் பனியாக்குவார், இன்னொருவர் ரோஜாக் கன்னத்தை ‘இன்கார்னடைன்’ செய்வார். இங்கே குருதியில்லை, கொலையில்லை. கன்னத்துக்குச் செம்மை ஏற்றும் மென்மையான செயல்.

இன்னும் புகழ்பெற்றது 1859இல் வெளியான எட்வர்ட் ஃபிட்ஜெரால்டின் மொழிபெயர்ப்பு, பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களுக்கு அவர் தந்தது. ஆறாம் பாடலில் இராப்பாடி (நைட்டிங்கேல் பறவை) ரோஜாவை நோக்கி ‘மது, மது, செம்மது’ என்று கூவுகிறது. எதற்காக என்றால், அதன் மஞ்சள் கன்னத்தைச் சிவக்கச் செய்வதற்காக. பிந்திய பதிப்புகளில் ‘மஞ்சள்’ என்பதை ‘சோகை பிடித்த’ என்னும் பொருளுள்ள சொல்லாக அவர் மாற்றினாரே தவிர, ‘இன்கார்னடைன்’ என்பதில் கைவைக்கவில்லை. கேர்யூ இச்சொல்லை ‘லைன்’ என்பதோடும், ஃபிட்ஜெரால்ட் ‘டிவைன்’, ‘வைன்’ ஆகியவற்றோடும் இயைபாக்கியிருப்பதால், அவர்கள் இதை எப்படி ஒலித்தார்கள் என்பதும் தெரிகிறது.

ஆகவே இந்த வினைக்கு இரண்டு வாழ்க்கை. ஒன்று குருதி படிந்த கடல். மற்றொன்று சிவந்த கன்னம். வேர்ப்பொருளுக்கு நெருக்கமானது இரண்டாவதுதான். தசை நிறம் தசைக்கே திரும்பிவிடுகிறது.

பழம்பதிப்பு

நண்பரின் சான்றுகளை ஏற்கிறேன்; முடிவை ஏற்க இயலவில்லை. ஃபிட்ஜெரால்டின் பாடலைப் படிக்கிற எவருக்கும் மேக்பெத் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஆங்கில எழுத்தாளர் வர்ஜினியா வுல்ஃப் 1937 ஏப்ரல் 29 அன்று பி.பி.சி. வானொலியில் ஆற்றிய உரையில் இதையே சொன்னார். அவருடைய குரல் பதிவாக நமக்கு எஞ்சியிருப்பது அந்த ஓர் உரையின் பகுதி மட்டுமே. சொற்கள் நினைவுகளாலும் எதிரொலிகளாலும் நிறைந்தவை என்றும், பிற சொற்களோடு அவை ஏற்கெனவே மணம் புரிந்துவிட்டன என்றும் கூறும் அவர், அதற்கு எடுத்துக்காட்டாகத் தேர்ந்தது ‘இன்கார்னடைன்’. ‘மல்டிட்யூடினஸ் ஸீஸ்’ நினைவுக்கு வராமல் இச்சொல்லை யாரால் பயன்படுத்த முடியும் என்று கேட்கிறார். இச்சொல் ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது. பின்னர் எழுதுகிறவர் எவரும் அதைக் கடனாகத்தான் வாங்குகிறார்.

மேடைவாசி

இருவர் சொல்வதும் மேக்பெத்திலேயே சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. நம் வரிகளுக்குச் சற்று முன்னால், குறுவாள்களைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கப் புறப்படும் லேடி மேக்பெத், காவலர்களின் முகங்களில் குருதியைப் பூசி வருவேன் என்கிறாள். பூசுவதற்கு அவள் ஆளும் சொல் ‘கில்ட்’, அதாவது பொன்முலாம் பூசுதல். அதன் ஒலியிலேயே குற்றத்தைக் குறிக்கும் ‘கில்ட்’ என்ற சொல்லும் அடுத்த வரியில் வந்துவிடுகிறது. அவளுக்குக் குருதி ஒரு பூச்சு. வேண்டிய முகத்தில் பூசலாம், வேண்டாதபோது கழுவலாம். திரும்பி வந்ததும் கொஞ்சம் தண்ணீர் போதும் என்று அவள் சொல்வது அதனால்தான். அவள் வெளியே போயிருக்கும் அந்த இடைவெளியில்தான் மேக்பெத் ‘இன்கார்னடைன்’ என்கிறான். அதுவும் நிறமூட்டும் சொல்தான், ஒப்பனை மேசைக்குரிய சொல்தான். ஆனால் அவன் கையில் அது கழுவ முடியாத நிறமாகிவிடுகிறது. கன்னத்துக்குரிய அந்த மென்மையான சொல் கடலளவுக்கு விரிவதால்தான் நமக்கு நடுக்கம் எடுக்கிறது. கேர்யூவின் கன்னமும் மேக்பெத்தின் கடலும் இரண்டு தனி வாழ்க்கை என்று நான் பிரிக்க மாட்டேன்.

பண்டைய ரோமானிய நாடகாசிரியர் செனகாவின் ஹெர்குலஸ் நாடகத்தையும் இங்கே நினைக்க வேண்டும். தன் பிள்ளைகளைக் கொன்ற ஹெர்குலஸ், எந்த ஆறு என் வலக்கையைக் கழுவும் என்று கேட்டு, டனைஸ், நைல், டைக்ரிஸ், ரைன் என்று ஆறுகளை அடுக்கி, கடல் முழுவதும் என் கைகளின் வழியே ஓடினாலும் செயல் ஆழமாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறான். அந்நாடகங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுதி 1581இல் வெளிவந்திருந்தது. செனகாவில் கறை போகவில்லை, அவ்வளவே. ஷேக்ஸ்பியரில் கறை கடலுக்கே பரவுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரே ஒரு வினைச்சொல் கடக்கிறது.

ஆசிரியை

மூன்றாவது கேள்வி இன்னும் தொடப்படாமல் இருக்கிறது. ‘சிவப்பிக்கும்’ என்று நேராகச் சொல்லிவிடலாம். நம் பிறவினை அதற்கு இடம் தருகிறது. ஆனால் தொல்காப்பியர் உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறார். நிறத்தை உணர்த்தவும் அவை உரியன என்பதை அடுத்துத்தான் சொல்கிறார். கண் சிவந்தான் என்றால் இன்றும் சினந்தான் என்றே கொள்கிறோம். மேக்பெத்திடம் அந்த நேரத்தில் சினம் இல்லை, அச்சம்தான் இருக்கிறது. அதனால் ‘சிவ’ என்ற வேர் சற்று வழிமாற்றக்கூடும்.

குறுந்தொகையின் முதற்பாட்டில் ‘செங்களம் படக் கொன்று’ என்று திப்புத்தோளார் பாடுகிறார். களம் செங்களமாகும்படி அவுணரைக் கொன்றான் முருகன். அம்பின் கோல் சிவப்பு, யானையின் கொம்பு சிவப்பு, இறுதியில் காந்தளும் குருதிப்பூ. அந்த வழியில் ‘கடல்கள் செங்கடல் பட’ என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்குச் செங்கடல் என்றதும் எகிப்துக்கும் அரேபியாவுக்கும் இடையே கிடக்கும் கடல்தான் முதலில் நினைவுக்கு வரும்.

சொல்வேர்

அம்மா, ‘ஊட்டு’ என்ற வினையைக் கருதிப் பாருங்கள். சாயம் ஊட்டுதல் என்பது இன்றும் நெசவாளர் வழக்கு. சிலப்பதிகாரத்தில் மாதவி தன்னை அணிசெய்துகொள்ளும் இடத்தில் ‘அலத்தகம் ஊட்டிய’ சிறிய அடிகள் வருகின்றன. செம்பஞ்சுக் குழம்பைப் பாதத்தில் ஏற்றுவதற்கு அதே சொல்தான். மேடைவாசி அவர்கள் சொன்ன ஒப்பனைப் பொருள் இதில் இருக்கிறது; கேர்யூவின் கன்னத்துக்கும் ஃபிட்ஜெரால்டின் ரோஜாவுக்கும் இது அப்படியே பொருந்தும். மேலும் ஊட்டிய நிறம் பூசிய நிறத்தைப்போல மேலோடு நிற்பதில்லை, நூலிழைக்குள் இறங்கிவிடும்.

பழம்பதிப்பு

‘ஊட்டு’ நன்று. நம் பரணி மரபில் கிடைக்கும் ‘குருதிக்கடல்’, ‘செந்நீர் வெள்ளம்’ போன்றவற்றை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கலிங்கத்துப்பரணியில் ஓடும் குருதி பகைவருடையது. பாடுகிறவருக்கு அதில் பெருமிதம். இங்கே குருதி உறவினனும் விருந்தினனுமாகிய மன்னனுடையது. பரணியின் சொற்களைக் கொண்டுவந்தால் குற்றவுணர்வு வெற்றி முழக்கமாக மாறிவிடும்.

நெய்தல்

எல்லாருடைய கருத்தையும் உள்வாங்கி இப்படி அமைத்திருக்கிறேன்:

‘நெப்டியூனின் மாகடல் அனைத்தும் என் கையின் இக்குருதியைக் கழுவித் தீர்க்குமா? இல்லை. என் இந்தக் கைதான் எண்ணிறந்த கடல்களுக்கெல்லாம் செந்நிறம் ஊட்டும்,
பச்சையை ஒரே சிவப்பாக்கி.’

மேடைவாசி

சிறப்பாக வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ‘செந்நிறம்’ வேண்டாம், ‘செம்மை’ என்று வையுங்கள். ‘நிறம்’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், இரண்டாம் வரியில் ‘பச்சை’, ‘சிவப்பு’ என்ற எளிய சொற்கள் வந்து உடைத்துக் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. செம்மை என்பது நேர்மையையும் குறிக்கும் என்று யாரேனும் தடுக்கலாம். கொலைகாரன் வாயில் அந்தச் சொல் வருவதில் எனக்குத் தடையில்லை. கையை நெப்டியூனிடம் நீட்டிக் கேட்கிறவன் இழந்தது அதைத்தானே. ‘பச்சையை ஒரே சிவப்பாக்கி’ என்று எச்சத்தில் நிறுத்தியிருப்பதை மாற்றவே மாற்றாதீர்கள். மூலத்திலும் அந்த வரி பாதியில்தான் நிற்கிறது. நடிகருக்கு அந்த இடைவெளி வேண்டும்.